வேலூர் பக்கம் சாலை விபத்தில் அடிபட்டால்: கேஷுவாலிட்டி முதல் கிளைம் பணம் வரை

கிளைம் கேஸ், அதாவது விபத்து இழப்பீட்டு வழக்கு, எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால் பலரும் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தைக் காட்டுவார்கள். அதற்கு வெகு முன்பே, ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது ஆரம்பித்துவிடுகிறது. "இன்னாப்பா ஆச்சி?" என்கிறார் டாக்டர். கூட வந்தவர் பதற்றத்தில், "வண்டில இருந்து வுழுந்துட்டாரு சார்" என்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை. பின்னால் வந்த லாரி இடித்தது, அதனால் விழுந்தார். ஆனால் விபத்துப் பதிவேட்டில் ஏறுவது 'டூவீலரிலிருந்து தவறி விழுந்தார்' என்கிற ஒரு வரி மட்டும்தான். இரண்டு வருடம் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் கூண்டில் நிற்பவரிடம் அந்த வரியைத்தான் படித்துக் காட்டுவார்: "லாரி இடித்ததாக அன்றைக்கு நீங்கள் டாக்டரிடம் சொல்லவே இல்லையே?"

அடிபட்டவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமைகள் குறைவானவை அல்ல. அவற்றைப் பணமாக்குவது முதல் பத்து நாளில் உருவாகும் காகிதம். கட்டுரை முழுக்க இதைத்தான் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன்.

முதல் வேலை: உயிர்

ஆம்புலன்ஸுக்கு 108. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், அதாவது வாலாஜா, பள்ளிகொண்டா, வாணியம்பாடி சுங்கச்சாவடிகள் இருக்கும் அந்தச் சாலையில், அடிபட்டால் 1033-க்கும் கூப்பிடலாம். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அந்நியர் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்குமோ என்று பயப்படத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது, சாட்சியாக வரும்படியும் வற்புறுத்தக்கூடாது. ஆனால் அவரே விரும்பிக் கொடுத்தால் போன் நம்பரை வாங்கி வையுங்கள். பிறகு பொன்னாகப் பயன்படும்.

"போலீஸ் வந்தால்தான் தொடுவோம்" என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்ல முடியாது. 1989-லேயே உச்ச நீதிமன்றம் பரமானந்த் கடாரா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறை எல்லாம் அப்புறம்.

செலவுக்கு வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உச்சவரம்பு முதலில் 1 லட்சம் ரூபாய், பிறகு 2 லட்சமாக்கப்பட்டது. இது தவிர, மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சித்தூர், பலமநேர் பக்கம் போய் அடிபட்டவர்களுக்கு இந்த இரண்டாவது திட்டம்தான் பொருந்தும். அட்மிஷன் போடும்போதே 'இந்தத் திட்டத்தில் இருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். அட்வான்ஸ் கட்டிவிட்டு மூன்றாம் நாள் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

டாக்டரிடம் என்ன சொல்வது

விபத்து நடந்த இடம், நேரம், இடித்த வண்டி எது, நம்பர் தெரிந்தால் நம்பர். இந்த நான்கையும் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்: "பள்ளிகொண்டா பக்கம் காலை எட்டு மணிக்கு, பைக்கில் போகும்போது, பின்னால் வந்த லாரி இடித்து விழுந்தார்." டாக்டர் எழுதியதை உடனே பார்க்க முடியாவிட்டாலும், ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிப் படியுங்கள். தவறு இருந்தால் அப்போதே எழுத்தில் சொன்னால் அது ஒரு பதிவாக நிற்கும்.

ஆம்பூர் அரசு மருத்துவமனையில் முதலுதவி, அங்கிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கிருந்து சி.எம்.சி. என்று மாறிப் போவது இங்கே சகஜம். எத்தனை இடம் மாறினாலும் முதன்முதலில் காட்டிய இடத்தின் ஏ.ஆர். காப்பிக்குத்தான் எடை அதிகம். அதை யாரும் வீடு தேடிக் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

இன்னொரு விஷயம், நம் பக்கத்துக்கே உரியது. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு, அதாவது ஆந்திராவின் புத்தூரில் போடும் நாட்டு எலும்புக் கட்டுக்கு, கிளம்பிவிடுவது. கட்டுவதும் கட்டாததும் அவரவர் நம்பிக்கை, நான் அதற்குள் போகவில்லை. ஆனால் அரசு மருத்துவமனையில் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, பதிவேட்டில் ஏறாமல் நேரே புத்தூருக்கு வண்டி ஏறினால், கோர்ட்டில் அந்த முறிவு நடந்ததற்கே ஆதாரம் இருக்காது. முதலில் எக்ஸ்ரே.

எஃப்.ஐ.ஆர். யார் மேல்

புகாரை எழுத்தில் கொடுங்கள். அடிபட்டவர் பேசும் நிலையில் இல்லை என்றால் குடும்பத்தாரோ நேரில் பார்த்தவரோ கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டியது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் எடுத்துக்கொள்ளலாம். விபத்து வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று திருப்பி அனுப்பவும் கூடாது, வாங்கிப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அவர்கள்தான் அனுப்பவேண்டும். வழக்கமாகப் போடும் பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, அதாவது கண்மூடித்தனமாக ஓட்டியது, அதோடு காயத்துக்கான 125.

புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, "பார்க்கலாம், போங்க" என்று அனுப்பிவிட்டால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல என்பதை மனதில் வையுங்கள்.

அடுத்து வருவது பேரம். இடித்த வண்டியின் ஓனர் ஒரு பெரிய மனிதரை அழைத்துக்கொண்டு வார்டுக்கே வருவார். ஆப்பிள் பையும் இருக்கும். "ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கறேண்ணா, கேஸ் எதுக்கு, டிரைவர் பையன் பாவம்." டிரைவர் பாவமாகவே இருக்கலாம். ஆனால் கிளைம் பணம் அந்தப் பையனின் பாக்கெட்டிலிருந்து வருவதில்லை, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனிதான் கொடுக்கிறது. மூன்றாம் நபருக்கு ஏற்பட்ட உடல் காயத்துக்குக் கம்பெனி தரவேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் கிடையாது. இதை ஓனருக்கே பலமுறை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு 'எந்த நடவடிக்கையும் வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களானால், காலில் இன்ஃபெக்‌ஷன் ஆகி இரண்டாவது ஆபரேஷன் வரும்போது அந்தக் காகிதம் உங்களுக்கு எதிரே வந்து நிற்கும்.

எஃப்.ஐ.ஆர். போடச் சில நாள் தாமதமானால் பயப்பட வேண்டாம். ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்கள் ஸ்டேஷனுக்கு ஓட முடியாது என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும். தாமதம் ஒன்றை மட்டுமே வைத்து மனுவைத் தள்ளக்கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சில சமயம் போலீஸ் அடிபட்டவர் மேலேயே எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவதும் உண்டு. அதுவும் முடிவான தீர்ப்பு அல்ல. கிளைம் வழக்கில் கிரிமினல் கேஸ் போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு எது அதிகம் என்று கிளைம் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றமான தீர்ப்பாயம் தானே எடைபோடும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 10 நாளுக்குள் அடிபட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவம் 2-ஐ உங்களிடம் தரவேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. அந்த விரிவான அறிக்கையையே தீர்ப்பாயம் கிளைம் மனுவாக எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் படிவம் 2 என்று பெயர் சொல்லிக் கேட்பவருக்குத்தான் ஸ்டேஷனில் தனி மரியாதை. கேளுங்கள்.

பணம் யார் தருவார்

இடித்த வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்ஷூரன்ஸ் எந்தக் கம்பெனி, எதுவரை செல்லுபடி என்று தெரியும். அதன்பின் வண்டி எது, அடிபட்டவர் எங்கே இருந்தார் என்பதைப் பொறுத்துப் பாதை பிரிகிறது.

நடந்து போனவர், சைக்கிளில் போனவர், எதிர் வண்டியில் வந்தவர் என்றால் சிக்கல் இல்லை, இடித்த வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி. டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும், கம்பெனி முதலில் கட்டிவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவது வழக்கம்.

பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனவர், அந்த பைக் ஓட்டியவர் தப்பிலேயே அடிபட்டால், அந்த வண்டிக்கு 'தேர்டு பார்ட்டி' மட்டும் எடுத்திருந்தால் கம்பெனி கைவிரிக்கும். முழு பாலிசியாக இருந்தால் பின்னால் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஒரு சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். வண்டி ஓட்டிய ஓனர் தானாகச் சறுக்கி விழுந்தால் அவர் மூன்றாம் நபரே அல்ல. அவருக்கு இருப்பது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டும். இறந்தாலோ இரண்டு கைகால் போனாலோ முழுத் தொகை, ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் பாதி. சாதாரண எலும்பு முறிவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போகும் பழக்கம் இந்தப் பக்கம் இன்னும் போகவில்லை. சரக்கு வண்டியில் ஓசியில் ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்த்துவிட்டது. வழக்கு போடலாம்தான், ஆனால் பணத்தை ஓனரிடம் தேட வேண்டிவரும். ஜவ்வாது மலைப் பாதையில் சரக்கு வண்டியில் ஏறும் முன் இதையும் யோசிக்கலாம்.

அரசுப் பேருந்து இடித்தால் போக்குவரத்துக் கழகமே நேரடியாகப் பொறுப்பு.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி கடைசிவரை தெரியவே இல்லையா? அதற்கும் 2022 முதல் தனித் திட்டம் இருக்கிறது. இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். கொடுங்காயம் என்றால் கை கால் போவது மட்டும் அல்ல, எலும்பு முறிவும், பல் உடைவதும் கூட அதில் சேரும். இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். விபத்து நடந்த இடத்தின் வருவாய்க் கோட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இறுதி உத்தரவு கலெக்டர் கையில். பழைய வட ஆற்காட்டு நினைப்பில் எல்லாவற்றுக்கும் வேலூருக்கே ஓடிவராதீர்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர் பக்கம் நடந்த விபத்துக்கு வாணியம்பாடி கோட்டம், சோளிங்கர் பக்கம் என்றால் ராணிப்பேட்டை மாவட்டம்.

யார் தப்பு என்று நிரூபிக்க வழியே இல்லாதபோது மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு இருக்கிறது. கவனக்குறைவை நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், இறப்புக்கு 5 லட்சம். வாங்கினால் அதோடு முடிந்தது. சாட்சி வலுவாக இருந்தால், தப்பை நிரூபித்து இழப்பீடு கேட்கும் 166-வது பிரிவில் போவதே மேல்.

ஆறு மாதம்

கிளைம் மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் சட்டம். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. காலம் கடந்த மனு என்று தள்ளுபடி செய்ய வேண்டாம் என 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறும். காலண்டரில் ஐந்தாம் மாதத்தில் ஒரு வட்டம் போடுங்கள்.

எந்த ஊரில் போடுவது என்பது உங்கள் விருப்பம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த் தரப்பு இருக்கும் இடம் என மூன்றில் எதுவும். குடியாத்தத்துக்காரர் சித்தூரில் அடிபட்டால் சித்தூருக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் அங்கே போட்ட எஃப்.ஐ.ஆர். தெலுங்கில் இருக்கும், மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வக்கீல், சதவீதம், புரோக்கர்

வார்டில் ஆப்பிள் பையோடு வருபவருக்கு அடுத்து வருபவர் விசிட்டிங் கார்டோடு வருவார். "செலவு எல்லாம் நாங்க பாத்துக்கறோம், வர்றதுல இத்தனை பர்சன்ட் குடுத்தா போதும்." ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதைப் பார் கவுன்சில் விதிகளே தடை செய்திருக்கின்றன, ஆள் பிடிப்பதையும் தடை செய்திருக்கின்றன. நடைமுறையில் எல்லோரும் அப்படித்தான் என்பார்கள். தடை என்பது தெரிந்திருந்தால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும் அல்லவா? எழுதாத வெள்ளைப் பேப்பரிலும், நிரப்பாத செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் ஆவணங்களைக் கொடுக்கும் முன் ஒரு செட் ஜெராக்ஸ், போனில் ஒரு போட்டோ.

காசு கொடுக்க வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம், உதவி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு.

எவ்வளவு கேட்பது

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டி அதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2010-ல் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் வழக்கில் வகுத்த முறையில் சிகிச்சைச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் உழைப்பு, படுத்திருந்த காலத்தின் வருமான இழப்பு, இனி வரப்போகும் சிகிச்சை, வலியும் வேதனையும், வாழ்க்கையில் அனுபவிக்க முடியாமல் போனவை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்கலாம். இவற்றில் பெரியது நிரந்தர ஊனத்தால் வரும் எதிர்கால வருமான இழப்பு.

மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தால் வருமானமும் 40 சதவீதம் குறைந்தது என்று அர்த்தமில்லை. அந்த ஊனம் அந்த ஆளின் தொழிலை எவ்வளவு முடக்கியது என்பதுதான் கேள்வி. முழங்கால் மடங்காமல் போனால் கணக்கு எழுதுபவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிவிடுவார். நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் என்ன செய்வார்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வயது 34, மாத வருமானம் 15,000, நிலையான சம்பளம் இல்லாத தொழில். தொழில் சார்ந்த இழப்பு 25 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்கிறது. 40 வயதுக்குக் கீழே உள்ள சொந்தத் தொழிலாளிக்கு எதிர்கால வளர்ச்சி என 40 சதவீதம் கூட்டலாம், ஆக 21,000. வருடத்துக்கு 2,52,000. 31 முதல் 35 வயதுக்கான பெருக்கல் எண் 16, எனவே 40,32,000. அதில் 25 சதவீதம் 10,08,000 ரூபாய். பில்களும் வலி வேதனைக்கான தொகையும் இதற்கு மேல்.

இந்தக் கணக்கில் வருமானம் 15,000 என்பது 8,000 ஆனால் இந்தத் தொகை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் வருமானத்துக்குச் சான்று வேண்டும் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை என்றால் சம்பளச் சீட்டும் பி.எஃப். விவரமும். பீடி சுற்றும் பெண் என்றால் தொழிலாளர் அடையாள அட்டை, பி.எஃப். கணக்கு. ஆட்டோ ஓட்டுபவருக்கு லைசென்ஸ், பேட்ஜ், லோன் தவணை கட்டிய பேங்க் பாஸ்புக். வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்ணுக்கும் உழைப்புக்கு மதிப்புப் போட்டு வருமானம் நிர்ணயிக்க வேண்டும், 'இல்லத்தரசி' என்று ஒதுக்கிவிட முடியாது.

ஹெல்மெட் போடாததை எதிர்த் தரப்பு நிச்சயம் எழுப்பும், தலைக்காயம் என்றால் தொகையில் கொஞ்சம் வெட்டும் விழலாம். மூன்று பேர் ஒரே பைக்கில் போனார்கள் என்பதற்காக மட்டும் வெட்டக்கூடாது, அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும் என்பது 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மனு போட்ட பிறகு

எம்.சி.ஓ.பி. நம்பர், அதாவது கிளைம் மனுவின் வழக்கு எண், விழும். நீங்கள் முதல் சாட்சி. எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை எல்லாம் சான்றாவணமாகும். ஊனத்தை மதிப்பிட மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள். அன்று எக்ஸ்ரே படங்களை, பழையதும் புதியதும், எடுத்துப்போங்கள்.

நடுவில் லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு, கூப்பிடுவார்கள். அங்கே ஒப்புக்கொண்டால் சீக்கிரம் பணம் வரும், ஆனால் மேல்முறையீடு கிடையாது. கம்பெனி சொல்லும் தொகையை உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிகிச்சை இன்னும் முடியாதவர்கள், பிளேட் எடுக்கும் ஆபரேஷன் பாக்கி இருப்பவர்கள் அவசரப்படாமல் இருப்பது நல்லது. சிறு காயம், சின்னத் தொகை என்றால் அன்றே முடித்துக்கொள்வதில் தவறே இல்லை.

தீர்ப்பு குறைவாக வந்தால் 90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. தொகை வட்டியோடு சேர்த்துத் தீர்ப்பாகும், அந்தப் பணம் உங்கள் பேங்க் கணக்கிலேயே நேராக ஏறவேண்டும் என்பதை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. உங்கள் பெயரில் ஒரு கணக்கை முன்கூட்டியே தொடங்கி, அதன் விவரத்தை மனுவோடு கொடுத்துவிடுங்கள். கணக்குப் புத்தகமும் ஏ.டி.எம். கார்டும் உங்கள் கையில் இருக்கட்டும், வக்கீல் குமாஸ்தா கையில் வேண்டாம். அடிபட்டது சிறுவர் என்றால் அவர்கள் பங்கு மேஜராகும்வரை பேங்கில் டெபாசிட்டாக இருக்கும், தேவைக்கு எடுக்கத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும்.

உத்தரவு வந்தும் கட்டவில்லை என்றால் நிறைவேற்று மனு போடலாம். பஸ் ஸ்டாண்டில் கோர்ட் ஊழியர் அரசுப் பேருந்தை ஜப்தி செய்தார் என்று பேப்பரில் படிக்கிறோமே, அது அப்படி வருவதுதான்.